எலும்புக்குள் வைக்கிற பொருளை உடம்பு ஏற்றுக்கொள்வது என்றால் உள்ளே என்ன நடக்கிறது?

கரிசல்காட்டான்:
எல்லோருக்கும் வணக்கம். சித்தப்பா பைக்கிலிருந்து விழுந்ததில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. பிளேட் வைக்க வேண்டும் என்கிறார்கள். ஸ்டீலா, டைட்டானியமா என்று எங்களையே கேட்டார்கள். விலை வித்தியாசம் கணிசம். "டைட்டானியம் உடம்போடு சேர்ந்துவிடும், ஸ்டீல் சேராது" என்று பக்கத்துக் கட்டில்காரர் அடித்துச் சொல்கிறார். நான் மெக்கானிக்கல் படித்தவன், இரண்டு உலோகத்தின் வலிமையும் தெரியும். ஆனால் உடம்பு ஒரு பொருளை "ஏற்றுக்கொள்கிறது" என்கிறார்களே, அது என்ன சங்கதி? துருப்பிடிக்காமல் இருந்தால் போதுமா? ஆபரேஷன் விஷயத்தில் டாக்டர் சொல்வதைத்தான் கேட்போம். இது என் ஆர்வத்துக்காகக் கேட்பது.

மருதம்:
சித்தப்பா சீக்கிரம் நடமாடட்டும். நான் எலும்புப் பிரிவில் மேற்படிப்பு படிக்கிறேன், வார்டில் அடிக்கடி வருகிற கேள்விதான் இது.

முறிவுக்கு வைக்கிற பிளேட்டின் வேலை, எலும்பு கூடும் வரை முனைகளை அசையாமல் பிடித்திருப்பது. அது எலும்போடு சேர வேண்டிய தேவையே இல்லை. பின்னால் கழற்ற வேண்டி வந்தால், சேராமல் இருந்தாலே நிம்மதி. டைட்டானியம் ஸ்குரூவை எலும்பு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், சில மாடல்களில் ஸ்குரூத் தலையும் பிளேட்டும் ஒன்றோடொன்று இறுகிவிடும். கழற்றுகிறவர் பாடு திண்டாட்டம்.

ஸ்டீல் என்றால் 316எல் ரகம். அதில் நிக்கல் 10 முதல் 14 சதவீதம் இருக்கும். நிக்கல் ஒத்துக்கொள்ளாமல், கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிறவர் யாராவது பிளேட் வைக்கப் போனால் அதை டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது. எம்ஆர்ஐ எடுக்கும்போது ஸ்டீலைச் சுற்றிப் படம் அதிகம் கெடும், டைட்டானியத்தில் குறைவு. மற்றபடி, ஸ்டீல் வைத்தால் எலும்பு கூடாது என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்னால் சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள்.

பல்லவன்:
மருதம் சொல்வது பிளேட்டுக்குச் சரி. எங்கள் தொழிலில் கதையே வேறு. பல் இம்பிளான்ட் எலும்போடு சேரவில்லை என்றால் அது தோல்வி, அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடித்த கதை சுவாரசியமானது. ஸ்வீடன்காரர் பெர் இங்வார் பிரேனமார்க், பல் டாக்டர் கிடையாது. எலும்பு மஜ்ஜையில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதற்காக 1950களின் தொடக்கத்தில் முயல் காலில் டைட்டானியத்தில் செய்து கண்ணாடி பதித்த ஒரு சின்னக் கூட்டைப் பொருத்தினார். ஆய்வு முடிந்ததும் அதை வெளியே எடுத்து அடுத்த முயலுக்கு வைக்கலாம் என்று எண்ணம், விலை கூடிய சாமான். எடுக்க வரவில்லை. எலும்பு அதைக் கவ்விக்கொண்டு வளர்ந்திருந்தது. 1965ல் முதல் முறையாக ஒரு மனிதரின் தாடையில் டைட்டானியம் ஸ்குரூ வைத்தார். அந்த நோயாளி 2006ல் இறக்கும் வரை அந்தப் பற்களால்தான் சாப்பிட்டார். அப்படியிருந்தும் பல் மருத்துவ உலகம் நம்புவதற்கு 1982ல் டொரான்டோவில் நடந்த மாநாடு வரை ஆனது.

சந்தேகச்சாமி:
> எலும்பு அதைக் கவ்விக்கொண்டு வளர்ந்திருந்தது

இதில் என்ன மர்மம்? டைட்டானியம் எதோடும் வினைபுரியாது. உடம்புக்கு அது இருப்பதே தெரியாது. தெரியாததால் எலும்பு பாட்டுக்கு வளர்கிறது. முடிந்தது கதை. இதற்கு ஒரு இழை தேவையா?

உலோகன்:
சந்தேகச்சாமி ஐயா, கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. நான் உலோகவியல் படித்து இந்தத் துறையில் ஆய்வு செய்கிறவன், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டைட்டானியம் எதோடும் வினைபுரியாது என்பது தலைகீழ். அது ஆக்சிஜனோடு அசுர வேகத்தில் வினைபுரியும். காற்று பட்ட மறுகணமே சில நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடு படலம் போர்த்திக்கொள்ளும். கீறினாலும் உடனே மூடிவிடும். உடம்பு தொடுவது அந்தப் படலத்தைத்தான், உலோகத்தை அல்ல.

அடுத்து, உடம்புக்குத் தெரியாமல் எந்தப் பொருளும் உள்ளே போக முடியாது. வைத்த சில நொடிகளுக்குள் ரத்தத்திலுள்ள புரதங்கள் மேற்பரப்பு முழுக்கப் படிந்துவிடும். பிறகு வருகிற செல்கள் பார்ப்பது அந்தப் புரதப் பூச்சைத்தான். முதல் ஓரிரு நாளில் நியூட்ரோபில்கள், அப்புறம் மேக்ரோபேஜ்கள், இரண்டும் உடம்பின் காவல் செல்கள். மேக்ரோபேஜின் வேலை வந்ததை விழுங்கிச் செரிப்பது. ஆறு சென்டிமீட்டர் ஸ்குரூவை விழுங்க முடியாது. அப்போது சில மேக்ரோபேஜ்கள் ஒன்றோடொன்று இணைந்து பல கருக்கள் கொண்ட ராட்சத செல்லாகி மேலே உட்கார்ந்துகொள்ளும். அதுவும் தோற்றால், நார்த்திசுவால் ஒரு உறை கட்டி அந்தப் பொருளை மற்ற உடம்பிலிருந்து பிரித்து வைத்துவிடும். பேஸ்மேக்கர், மார்பக சிலிக்கோன், சர்க்கரை அளக்கும் சென்சார், எதை எடுத்தாலும் பொதுவாக இதுதான் முடிவு. வீட்டுக்கு வந்த வேண்டாத விருந்தாளியைத் திண்ணையோடு நிறுத்துவது போல.

டைட்டானியத்தில் இந்தச் சண்டை சீக்கிரம் தணிகிறது. நாருக்குப் பதிலாக எலும்பு வந்து உட்கார்கிறது. ஏன் என்று கேட்டால் ஒரு வரியில் பதில் இல்லை. ஆக்சைடு மிக மிக மெதுவாகவே கரைகிறது, அயனிகள் அதிகம் கசிவதில்லை, படிகிற புரதங்கள் பெரிதாக உருக்குலைவதில்லை. இவை எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன.

பல்லவன்:
உலோகன் எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். அதே டைட்டானியம், அதே கம்பெனி, அதே பேஷன்ட். ஆனால் ஸ்குரூ வைத்த புதிதில் சுமார் 150 மைக்ரானுக்கு மேல் ஆடினால் எலும்பு வராது, நார்தான் வரும். 150 மைக்ரான் என்றால் இரண்டு தலைமுடி கனம். அதனால்தான் வைத்துவிட்டு ஈறை மூடி, சில மாதம் கடிக்க விடாமல் காக்கிற முறை வந்தது.

துளை போடும்போது சூடும் முக்கியம். எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே அந்த இடத்து எலும்புச் செல்கள் சேதமாகும் என்று ஸ்வீடனில் அதே குழுவைச் சேர்ந்தவர்கள் 1980களில் காட்டினார்கள். அதனால் டிரில்லை மெதுவாக ஓட்டி, சலைன் ஊற்றிக்கொண்டே துளைக்கிறோம். பொருள் உலகத் தரம், கை அவசரம் என்றால் உடம்பு ஏற்காது.

கரிசல்காட்டான்:
அருமை. அப்போது உலோகத்தின் பெயர் பாதிதான் என்கிறீர்கள். மேற்பரப்பு வழவழப்பாக இருக்க வேண்டுமா, சொரசொரப்பாகவா? பேரிங் செய்கிற எனக்கு வழவழப்புதான் நல்லது என்று தோன்றும்.

உலோகன்:
எலும்புக்குச் சொரசொரப்பு பிடிக்கும். பிரேனமார்க் காலத்து ஸ்குரூக்கள் லேத்தில் கடைந்தபடியே இருந்தவை. இப்போது மணல் வீச்சு அடித்து, அமிலத்தில் அரித்து, ஒன்று இரண்டு மைக்ரான் அளவுக்கு மேடு பள்ளம் செய்கிறார்கள். ரத்தம் உறைந்த நாரிழைகள் அதில் பற்றிக்கொள்ளும், அதைப் பிடித்துக்கொண்டு எலும்பு செய்யும் செல்கள் நேராக மேற்பரப்புக்கே வந்துவிடும். ஆனால் அதே சொரசொரப்பு ஈறுப் பக்கம் இருந்தால் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். ஒரே ஸ்குரூவில் கீழே சொரசொரப்பு, மேலே வழவழப்பு என்று இருப்பது அதனால்தான். யார் முதலில் வந்து இடம் பிடிக்கிறார், நம் செல்லா கிருமியா என்பது ஒரு ஓட்டப்பந்தயம். கிருமி முதலில் வந்து படலம் கட்டிவிட்டால் ஆன்டிபயாட்டிக் அதற்குள் நுழைய மிகவும் சிரமப்படும்.

லங்காஷயர் செவிலி:
வணக்கம், தாமதமாகத்தான் பார்த்தேன். இங்கிலாந்தின் வடமேற்கில் வேலை பார்க்கிறேன். பக்கத்தில்தான் ரைட்டிங்டன் மருத்துவமனை, இன்றைய இடுப்பு மாற்று ஆபரேஷனை ஜான் சார்ன்லி உருவாக்கிய இடம். அவர் கதையைச் சொல்லாமல் இந்த இழை நிறைவாகாது.

1950களின் கடைசியில் அவர் செயற்கை இடுப்பு மூட்டின் கிண்ணத்துக்கு டெஃப்லான் எடுத்தார். தோசைக்கல்லில் பூசுகிறோமே, அதேதான். எதுவும் ஒட்டாது, எந்த ரசாயனத்துக்கும் அசையாது, வழுக்கும். சந்தேகச்சாமி சார் கணக்குப்படி இதைவிட நல்ல பொருளே இருக்க முடியாது. ஆபரேஷன் முடிந்த புதிதில் நோயாளிகளுக்கு ஆனந்தம். ஆனால் சில வருடங்களிலேயே உலோகக் குண்டு டெஃப்லானைத் தேய்த்துக் குடைந்துவிட்டது. தேய்ந்த தூளைச் சுற்றித் திசு வீங்கியது, எலும்பு அரித்தது. நூற்றுக்கணக்கானவர்களுக்கு மறுபடி ஆபரேஷன். சார்ன்லி அந்தத் தூளைத் தன் தொடையிலேயே ஏற்றிப் பார்த்தார், அங்கேயும் கட்டிகள் வந்தன. 1962 முடிவில் கெட்டியான பாலிஎத்திலீனுக்கு மாறினார். இன்றைக்கும் பெரும்பாலான கிண்ணங்கள் அதன் வாரிசுகள்தான்.

சந்தேகச்சாமி:
சரி அம்மா, டெஃப்லான் தோற்றது. அது தேய்ந்ததால் வந்த வினை. தேயாத பொருளாக இருந்தால் என் வாதம் நிற்கும்.

லங்காஷயர் செவிலி:
தேயாத பொருள் என்று சொல்லித்தான் உலோகத்தின் மேல் உலோகம் உரசுகிற இடுப்பு மூட்டுகள் வந்தன, கோபால்ட் குரோமியத்தில். அளந்தால் தேய்மானம் பாலிஎத்திலீனைவிட மிகக் குறைவு. ஆனால் உதிர்ந்த தூள் நானோமீட்டர் அளவு. எடை குறைவு, எண்ணிக்கை எக்கச்சக்கம், மேற்பரப்பு அதிகம், ரத்தத்தில் கோபால்ட் ஏறியது. மூட்டைச் சுற்றிக் கட்டி போன்ற திசு. 2010 ஆகஸ்டில் ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்தின் டீப்யூ பிரிவு உலகம் முழுக்கத் தன் ஏஎஸ்ஆர் மூட்டுகளைத் திரும்பப் பெற்றது. சுமார் 93,000 பேருக்கு வைக்கப்பட்டிருந்தது. இந்தியாவிலும் ஆயிரக்கணக்கானோர். அந்த ரத்தப் பரிசோதனைக்கு வருகிறவர்களின் முகம் எனக்கு மறக்காது.

உலோகன்:
செவிலி அக்கா சொன்னதற்கு உள்ளே இருக்கிற இயக்கத்தை மட்டும் சேர்க்கிறேன். பாலிஎத்திலீன் கட்டியாக இருந்தால் உடம்பு உறை போட்டு விட்டுவிடும். அதே பாலிஎத்திலீன் ஒரு மைக்ரானுக்கும் குறைவான தூளாக வந்தால் மேக்ரோபேஜ் விழுங்கும். செரிக்க முடியாது. செரிக்க முடியாத மேக்ரோபேஜ் அபாயச் சங்கு ஊதும், அந்தச் சமிக்ஞைகள் எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களை எழுப்பிவிடும். கிருமி எதுவும் இல்லாமலே எலும்பு கரைந்து மூட்டு ஆட ஆரம்பிக்கும். 1990களின் கடைசியில் கதிர்வீச்சால் சங்கிலிகளைக் குறுக்காகப் பிணைத்த பாலிஎத்திலீன் வந்தது, தேய்மானம் வெகுவாகக் குறைந்தது. பொருள் அதேதான். தூள் எவ்வளவு, எந்த அளவில், எத்தனை வருடம் உதிர்கிறது என்பதுதான் மாறியது.

வைகைக்கரை:
எலும்பிலேயே நிற்கிறீர்களே, கண்ணுக்கு வாங்க. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் போர்விமானிகள் சிலர் கண்ணில் விமானக் கூரையின் பெர்ஸ்பெக்ஸ் சில்லுகள் தைத்துவிட்டன. வருடக்கணக்கில் உள்ளேயே கிடந்தும் கண் பெரிதாகச் சிவக்கவில்லை. ஹரால்ட் ரிட்லி என்ற கண் டாக்டர் இதைக் கவனித்து, 1949 நவம்பரில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அதே பிளாஸ்டிக்கில் செய்த லென்சைக் கண்புரை நோயாளிக்கு வைத்தார். சக டாக்டர்கள் பல வருடம் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். இன்றைக்கு நம் தாத்தா பாட்டி எல்லார் கண்ணிலும் லென்ஸ். எங்கள் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையோடு சேர்ந்த ஆரோலேப் 1992ல் லென்ஸ் செய்ய ஆரம்பித்த பிறகுதான் ஏழைகளுக்கு எட்டுகிற விலைக்கு வந்தது. அதற்கு முன் இறக்குமதி லென்ஸ் நூறு டாலர் வாக்கில்.

மருதம்:
வைகைக்கரை அண்ணே, அந்த பெர்ஸ்பெக்ஸ் வேறு எங்கே இருக்கிறது தெரியுமா? சார்ன்லி செயற்கை இடுப்பு மூட்டின் தண்டைத் தொடை எலும்பில் நிறுத்தப் பயன்படுத்திய சிமென்ட் அதே பிளாஸ்டிக்தான், பிஎம்எம்ஏ. கண்ணில் பளபளவென்று பாலிஷ் செய்த வட்டத் துண்டாக இருக்கும்போது சாது. இடுப்பில் அது உடைந்து தூளானால் எலும்பை அரிக்கிறது. ஒரு காலத்தில் "சிமென்ட் நோய்" என்றே அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

கரிசல்காட்டான்:
இதுதான் எனக்கு விளக்கெரிந்த இடம். ஒரே பிளாஸ்டிக், இரண்டு இடம், இரண்டு விதமான நடத்தை. அப்படியானால் "இது நல்ல பொருள், இது கெட்ட பொருள்" என்று பட்டியல் போடவே முடியாதா?

உலோகன்:
முடியாது என்றுதான் நான் சொல்வேன். இந்தத் துறையினர் 1986ல் கூடி "ஏற்றுக்கொள்வது" என்பதற்கு ஒரு வரையறை எழுதினார்கள். குறிப்பிட்ட ஒரு வேலையில், உடம்பிடமிருந்து பொருத்தமான எதிர்வினையை வாங்கிக்கொண்டு வேலை செய்யும் திறன் என்பது அதன் சாரம். எதிர்வினையே இல்லாமல் என்று எழுதவில்லை பாருங்கள்.

கல்லூரியில் இன்னமும் பொருட்களை "மந்தமானவை, வினைபுரிபவை" என்று இரண்டு கட்டம் போட்டுச் சொல்லிக் கொடுக்கிறார்கள். தேர்வுக்குச் சரி. ஆஸ்பத்திரியில் உதவாது.

சந்தேகச்சாமி:
அப்படியானால் நான் இன்னொரு குண்டு போடுகிறேன். டைட்டானியத்தைச் சுற்றி எலும்பு வருவதும் ஒரு தற்காப்புதான் என்று பிரேனமார்க்கின் சீடர் தோமாஸ் ஆல்பிரெக்ட்சனே சில வருடங்களாக எழுதி வருகிறார். நாரால் சுவர் கட்டுவதற்குப் பதில் எலும்பால் சுவர். பல்லவன் கொண்டாடும் "சேர்க்கை" அந்நியப் பொருளுக்கு எதிரான சாந்தமான சண்டை, அவ்வளவே.

பல்லவன்:
நல்ல குண்டு. ஆனால் பேஷன்ட் அந்தச் சுவரின் மேல் முறுக்கு கடிக்கிறாரே!

உலோகன்:
சந்தேகச்சாமி ஐயா, அந்தக் கருத்தை நானும் மதிக்கிறேன். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் டைட்டானியத்துக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு மெல்லிய, சுண்ணாம்பு ஏறாத அடுக்கு தெரியும். உண்மையான ரசாயனப் பிணைப்பு வேண்டும் என்றால் பயோகிளாஸ் பக்கம் போக வேண்டும். அதன் தொடக்கம் இப்படி: 1967ல் லாரி ஹென்ச் என்ற புளோரிடா கண்ணாடி விஞ்ஞானி பஸ்ஸில் போகும்போது, வியட்நாமிலிருந்து திரும்பிய ராணுவ கர்னல் ஒருவர் பக்கத்தில். படை வீரர்களின் கை கால்களை இழக்காமல் காக்க உடம்பு தள்ளாத பொருள் ஒன்று செய்ய முடியுமா என்று கேட்டார். ஹென்ச் யோசித்தது எளிமையானது: எலும்பின் கனிமம் கால்சியம் பாஸ்பேட், அதைத் தன் மேலேயே வளர்த்துக்கொள்ளும் கண்ணாடி செய்தால் என்ன? எடைக்கணக்கில் சிலிக்கா 45, சோடா 24.5, கால்சியம் ஆக்சைடு 24.5, பாஸ்பரஸ் பென்டாக்சைடு 6. அதன் பெயர் 45எஸ்5. எலித் தொடையில் வைத்து ஆறு வாரம் கழித்து எடுக்கப் பார்த்தால், வரவில்லை.

ஜன்னல் கண்ணாடி தண்ணீரில் கரையாமல் இருப்பதுதான் அதன் பெருமை. இந்தக் கண்ணாடி வேண்டுமென்றே கரைகிறது. சோடியம் வெளியேறி, மேற்பரப்பில் சிலிக்கா கூழ் படிந்து, அதன் மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் இறங்கி, எலும்பின் கனிமம் போலவே படிகமாகிறது. உடம்பின் கொலாஜன் இழைகள் அந்தப் படிகத்தில் சிக்கிக்கொள்கின்றன. எங்கே கண்ணாடி முடிகிறது, எங்கே எலும்பு தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. சிலிக்கா 60 சதவீதத்தைத் தாண்டினால் இந்த வித்தை நின்றுவிடும், வெறும் கண்ணாடி ஆகிவிடும். பத்துப் பதினைந்து சதவீதக் கலவை வித்தியாசத்தில் இவ்வளவு மாற்றம்.

கரிசல்காட்டான்:
அப்படியானால் பிளேட்டே கண்ணாடியில் செய்யலாமே?

மருதம்:
ஒரு தடவை தடுக்கினால் தூள் தூள். அதனால்தான் நடுக்காது எலும்பு, தாடைப் பள்ளம் நிரப்புதல் என்று சுமை குறைந்த இடங்களில் நிற்கிறது. பல் கூச்சத்துக்கு விற்கும் சில பேஸ்ட்களில் நோவாமின் என்று போட்டிருக்கும், அது இந்தக் கண்ணாடித் தூள்தான்.

சுமை என்றதும் இன்னொரு தலைவலி. எலும்பின் விறைப்பு 10 முதல் 30 கிகாபாஸ்கல். டைட்டானியம் 110 வாக்கில், ஸ்டீல் 200 வாக்கில். மெக்கானிக்கல்காரருக்குப் புரியும், பாரத்தை விறைப்பானவன் சுமப்பான். சும்மா இருக்கிற எலும்பு மெலியும். அதனால் இடுப்புத் தண்டு உறுதியாக இருந்தும் சுற்றியுள்ள எலும்பு வருடக்கணக்கில் இளைப்பதை எக்ஸ்ரேயில் பார்க்கிறோம்.

கரிசல்காட்டான்:
புரிகிறது. அப்போது கரைந்தே போகிற உலோகம்? மெக்னீசியம் என்று எங்கேயோ படித்தேன். எலும்பு கூடியதும் காணாமல் போனால் கழற்றுகிற தொல்லையும் இல்லை, இளைக்கிற தொல்லையும் இல்லை.

சந்தேகச்சாமி:
வந்துவிட்டார்கள், வந்துவிட்டார்கள். இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்க, கரையும் ஸ்டென்ட் என்று ஒன்று வந்தது நினைவிருக்கிறதா? அப்சார்ப். 2016ல் அமெரிக்காவில் அனுமதி, 2017 செப்டம்பரில் விற்பனை நிறுத்தம். உலோக ஸ்டென்டைவிட ரத்தக்கட்டு அதிகம் வந்தது. கரைகிற பொருள் என்றால் கரைகிற நேரத்தில் துண்டு எங்கே போகும் என்று யார் பொறுப்பு?

உலோகன்:
நியாயமான கேள்வி. அப்சார்ப் உலோகம் அல்ல, பாலிலாக்டிக் அமிலம் என்ற பிளாஸ்டிக். பலம் குறைவு என்பதால் கம்பிகளைக் கனமாகச் செய்ய வேண்டியிருந்தது, கனமான கம்பி ரத்த ஓட்டத்தில் குறுக்கே நின்றது, முழுதாகக் கரைய மூன்று வருடம் வாக்கில் ஆனது. ஆனால் ஆபரேஷனில் தைக்கிற கரையும் நூலும் அதே குடும்பம்தான், 1970லிருந்து உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அதை யாரும் நிறுத்தவில்லை.

மெக்னீசியத்துக்குப் பழைய வரலாறு உண்டு. பெல்ஜியத்தில் லாம்போட் என்ற சர்ஜன் 1906 வாக்கில் ஒரு காலில் மெக்னீசியம் பிளேட்டை வைத்து ஸ்டீல் ஆணி அடித்தார். எட்டு நாளில் பிளேட் கரைந்து, தோலுக்குக் கீழே ஹைட்ரஜன் வாயு உப்பிக்கொண்டது. இரண்டு வேறு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர். கரிசல்காட்டான், பேட்டரி ஆகிவிட்டது, உங்களுக்கே தெரியும். நூறு வருடம் கழித்து, அருமண் (ரேர் எர்த்) தனிமங்கள் கலந்து அரிப்பைக் குறைத்த மெக்னீசியம் ஸ்குரூ 2013ல் ஐரோப்பாவில் அனுமதி வாங்கியது. காலின் பெருவிரல் கோணல் திருத்தம் போன்ற சின்ன எலும்புகளுக்கு வைக்கிறார்கள். எக்ஸ்ரேயில் ஸ்குரூவைச் சுற்றிக் கருப்பு நிழல் தெரியும், அது வாயு, பெரும்பாலும் மெல்ல மறையும்.

மருதம்:
அந்த நிழலைப் பார்த்துவிட்டுக் கிருமித்தொற்று என்று பயந்து ஸ்குரூவைக் கழற்றக் கிளம்பினால் வேலை கெட்டது. முழங்காலுக்குக் கீழுள்ள எலும்புக்குப் பிளேட் அளவில் மெக்னீசியம் என்றால், என்னைக் கேட்டால் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். அந்த எலும்பு ஒன்றுசேர நான்கு முதல் ஆறு மாதம் ஆகலாம், புகை பிடிப்பவர், சர்க்கரைக்காரர் என்றால் இன்னும் அதிகம். எவ்வளவு வேகத்தில் கரைய வேண்டும் என்பதை ஆளைப் பார்த்து மாற்ற முடியாதே.

வைகைக்கரை:
ரத்தம் என்று பேச்சு வந்ததால் கேட்கிறேன். திருவனந்தபுரம் சித்திரா இதய வால்வு என் அத்தைக்கு வைத்தது. அதைக் கடைசியில் உடம்பு ஏற்றுக்கொண்டதா இல்லையா? தினமும் மாத்திரை போடுகிறாரே.

மருதம்:
இதய சர்ஜன் வலியத்தான் தலைமையில் ஸ்ரீ சித்திரா திருநாள் நிறுவனம் செய்த வால்வு அது, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு வைத்தார்கள். கோபால்ட் கலவைக் கூடு, நடுவில் பாலிஎத்திலீன் தட்டு, தையல் வளையத்துக்கு பாலியஸ்டர் துணி. துணிக்குள் திசு வளர்ந்து வால்வைப் பிடித்துக்கொள்ளும், அந்த மட்டில் ஏற்பு. கூடும் தட்டும் ரத்தத்தைத் தொடுகிற பாகம், அங்கே உறையும் ஆபத்து வாழ்நாள் முழுக்க உண்டு. அதைத் தடுக்கத்தான் மாத்திரை. அத்தை அதை நிறுத்தவே கூடாது, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனையையும் தவறவிடக் கூடாது. வேறு மாத்திரையோ நாட்டு மருந்தோ சேர்ப்பதாக இருந்தால் முதலில் இதயப் பிரிவில் கேட்டுவிடச் சொல்லுங்கள்.

சந்தேகச்சாமி:
உலோகன், கடைசியாக ஒன்று. உறையே கட்டாமல் செய்ய வழி உண்டா? அல்லது சும்மா ஆய்வுக் கட்டுரைச் சரக்கா?

உலோகன்:
அமெரிக்காவில் சியாட்டிலில் பட்டி ராட்னர் குழு காட்டியது ஒன்று உண்டு. ஒரே பொருளைத் துளைகளோடு செய்து, எல்லாத் துளையும் 30 முதல் 40 மைக்ரான் என்று ஒரே சீராக வைத்தால் நார் உறை மிக மெல்லியதாகிறது, ரத்தக்குழாய்கள் உள்ளே வளர்கின்றன. துளை ஏறக்குறைய ஒரு மேக்ரோபேஜ் உள்ளே நுழைந்து உட்காரும் அளவு. உள்ளே போன மேக்ரோபேஜ் சண்டை போடுவதை விட்டுச் சீரமைக்கிற வேலைக்கு மாறுகிறது என்பது விளக்கம். எலும்புக்கு இது போதாது, ரத்தக்குழாயோடு எலும்பு நுழைய 100 மைக்ரானுக்கு மேல் வேண்டும். துளையுள்ள டேன்டலம் என்ற உலோகத்திலும், லேசரால் தூளை உருக்கி அடுக்கிச் செய்யும் டைட்டானியம் இடுப்புக் கிண்ணங்களிலும் அந்த அளவில்தான் செய்கிறார்கள். துளையிருந்தால் விறைப்பும் குறையும், மருதம் சொன்ன இளைப்புக்கும் கொஞ்சம் மருந்து.

சந்தேகச்சாமி:
உருகாத தூள் துளைக்குள் மாட்டிக்கொண்டால்? மறுபடி செவிலி அம்மா சொன்ன தூள் கதைதானே?

உலோகன்:
சரியான இடத்தில் கை வைத்தீர்கள். எங்கள் ஆய்வகத்தில் அச்சடிக்கிற நேரத்தைவிட, அந்தத் தூளை ஊதி, அதிரவைத்து, அமிலத்தில் கழுவி எடுப்பதற்குத்தான் அதிக நேரம் போகிறது.